தவுக்கேக்கு மூன்று சனிக்கிழமை

வீட்டுக்காரர் ராதாகிருஷ்ணன் "இன்னைக்கே" என்றார். நான் "மூணு மாசம்" என்றேன். "சரி, இன்னைக்குச் சாயங்காலம்" என்று அவர் இறங்கி வந்தார். நான் இரண்டு மாதத்துக்கு இறங்கினேன். பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைக்கு மேலே இருக்கும் எங்கள் மாடி வீட்டு வாசலில் நின்றபடியே இருபது நிமிடம் பேசி, கடைசியில் மூன்று சனிக்கிழமையில் வந்து நின்றோம்.

பேரத்துக்கு வந்த பொருள் என் மனைவி மலரின் காலடியில் உட்கார்ந்து, எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. பழுப்பு நிற நாய். ஒரு காது மடங்கியது. வயது மூன்று இருக்கலாம். பெயர் தவுக்கே. இந்த ஊரில் முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவோம். வந்த முதல் நாளே எங்களைக் கேட்காமல் சோபாவின் நடுவில் ஏறிப் படுத்துக்கொண்டதால் நான் வைத்த பெயர்.

"சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு வருவேன்," என்றார் ராதாகிருஷ்ணன். "மூணு தடவை. வீட்டுக்குள்ள ஒரு சொட்டு இருக்கக் கூடாது. மூணுல ஒரு தடவையாவது வீடு வீடா இருந்தா நாய் இருக்கட்டும். மூணும் போச்சுன்னா நாய் போவணும். நீங்க வியாபாரி, மிஸ்டர் கமலநாதன். பேச்சுன்னா பேச்சுதானே?"

"பேச்சுன்னா பேச்சுதான் சார்," என்றேன்.

அவர் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் இன்னும் இரண்டு பேனா வைத்திருப்பார். கோபத்தில் வந்தாலும் வெறுங்கையோடு வரமாட்டார். அன்றும் கோயிலிலிருந்து கொண்டுவந்த ஒரு பையை மலரிடம் கொடுத்து, அவள் காதில் மட்டும் விழும்படி ஏதோ சொன்னார். சாமி விஷயத்தில் என் வாய் சரியில்லை என்பது மலரின் பழைய புகார். அதனால் அவள் பையை என் கண்ணில் காட்டாமல் சாமி அறைக்குக் கொண்டுபோய்விட்டாள்.

அவர் படியிறங்கியதும் நான் மெல்லச் சிரித்தேன். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் என் அப்பா ஜவுளிக்கடை வைத்திருந்தார். நான் அந்தக் கல்லாவுக்குப் பின்னால் வளர்ந்தவன், இன்றும் அதே கடையில் உட்காருகிறேன். மூன்று தடவையில் ஒரு தடவை என்பது எனக்குப் பேரமே இல்லை, அன்பளிப்பு. அப்படித்தான் நினைத்தேன்.

"சிரிக்காதீங்க," என்றாள் மலர். "அவன் போனா நானும் கீழ போமாட்டேன்."

அவள் மிரட்டவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்கிற குரலில்தான் சொன்னாள். அதனால்தான் என் சிரிப்பு நின்றுபோனது.

போன வருடம் கிள்ளானில், பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய்த் திரும்பும்போது, மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் அவள் கைப்பையைப் பிடித்து இழுத்தார்கள். பை தோளில் மாட்டிக்கொண்டது. பத்துப் பதினைந்து அடி தூரம் அவளையும் இழுத்துக்கொண்டு போனார்கள். முட்டிக் காயம் ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. ஆனால் அதன்பிறகு அவள் தனியாக வாசலைத் தாண்டவில்லை. இடம் மாறினால் சரியாகும் என்றுதான் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தோம். மாறியது எனக்குத்தான்: தினமும் கொம்யூட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போய்வரும் வேலை கூடியது. அவள் ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கிக் கீழே பூ வாங்கிக்கொண்டிருந்தாள்.

தவுக்கேயைக் கொண்டுவந்தவன் என் நண்பன் பக்கிரிசாமி. போர்ட் கிள்ளானில் அவனுக்கு லோரி நிறுத்தும் கொட்டகை இருக்கிறது. அங்கே காவலுக்கு இருக்கும் பெரிய நாய்கள் தவுக்கேயைக் கடித்துக் குதறியிருந்தன. "ரெண்டு நாள் வச்சிரு மச்சான்," என்று லோரியிலிருந்து இறக்கிவிட்டுப் போனான். மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு நான் குளித்துக்கொண்டிருந்தபோது, தவுக்கே வாசல் கதவைப் பிறாண்டியிருக்கிறான். நான் வெளியே வந்து பார்த்தால் வீட்டில் யாருமில்லை. ஜன்னலுக்கு ஓடினேன். கீழே, பூக்கடையைத் தாண்டி, சாக்கடை ஓரத்து வேப்ப மரத்தடியில், என் மனைவி நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஒரு கால் தூக்கிய நாய்.

எட்டு மாதத்தில் அதுதான் முதல் தடவை. நான் ஜன்னலிலிருந்து தலையை இழுத்துக்கொண்டேன். பார்த்தேன் என்று தெரிந்தால் அவளுக்குக் கூச்சமாகிவிடும். அன்றைக்கு ரயிலையும் தவறவிட்டேன்.

ஆனால் தவுக்கே முழு ஆண் பிள்ளை. கருத்தடை செய்யாதவன். மேசைக்கால், செருப்பு அலமாரி, என் புதுக் குடை, எதையும் விட்டுவைக்கவில்லை. கால்நடை மருத்துவர் வாணியிடம் கொண்டுபோய், "எப்போ ஆபரேஷன்?" என்று கேட்டேன்.

"இப்போ முடியாது அங்கிள். ரத்தத்துல இதயப் புழு இருக்கு. மயக்க மருந்து குடுத்தா தாங்குவானான்னு சொல்ல முடியாது. ஆறு மாசம் மருந்து முடியட்டும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் அவன் ஆம்பளை. நீங்கதான் பழக்கணும்."

வாணி விளக்கிச் சொன்னாள். இது அடக்க முடியாமல் போவது அல்ல. இது என் இடம் என்று போர்டு மாட்டுவது. எனக்கு உடனே புரிந்தது. கிள்ளானில் எங்கள் வரிசையில் ஒவ்வொரு கடைக்காரரும் பக்கத்துக் கடையைவிட அரை அடி வெளியே தள்ளித்தான் போர்டு மாட்டுவார்.

"வேற எதோட வாடையாவது வீட்டுக்குள்ள இருந்தா, அது மேல தன்னோடத வைப்பான். பழைய இடத்தையெல்லாம் நல்லா கழுவிடுங்க. அமோனியா கலந்த கிளீனர் வேணாம், அந்த வாடை அவனுக்கு மூத்திரம் மாதிரியே இருக்கும். நான் குடுக்கிற மருந்தைப் போடுங்க. திட்டாதீங்க, அடிக்காதீங்க. வெளிய போனா உடனே கோழித்துண்டு குடுங்க. உடனே. வீட்டுக்கு வந்து குடுத்தா வீட்டுக்கு வந்ததுக்குக் கூலின்னு நினைச்சுக்குவான்."

மலர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கீழே கொண்டுபோனாள். வீட்டுக்குள் இருக்கும்போது அவன் கயிற்றைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு சமைத்தாள், துவைத்தாள். அவன் எதையாவது முகர்ந்து அரை வட்டம் அடித்தால், "வெளிய," என்று ஒரே சொல். ரவிக்கைத் துணியில் உள்ளே பஞ்சு வைத்து, வயிற்றைச் சுற்றிக் கட்ட நான் ஒரு பட்டை தைத்துக் கொடுத்தேன். மாம்பழ மஞ்சளில் சிவப்புக் கரை போட்டது. அதைக் கட்டிக்கொண்டு அவன் நடந்தபோது கல்யாணத்துக்குப் போகிறவன் போல இருந்தான்.

பத்தே நாள். வீடு காய்ந்தது. பட்டையை அவிழ்த்தோம், அப்போதும் சொட்டு இல்லை. அந்த வாரத்தில்தான் ராதாகிருஷ்ணனுக்கு நாய் விஷயம் தெரிந்து, வாசலில் அந்தப் பேரம் நடந்தது. காய்ந்த வீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசியவன் சிரிக்காமல் என்ன செய்வான்?

முதல் சனிக்கிழமை, ஒன்பதரைக்கு நான் கீழே போய்விட்டேன். மூலைக் காப்பிக் கடையில் ராதாகிருஷ்ணனை மடக்கி, உட்கார வைத்து, நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்து, பேச்சுக் கொடுத்து, பத்து மணிக்குக் கூட்டிக்கொண்டு மேலே போனேன். சரக்குப் பார்க்க வருகிறவரை நேராக சரக்கிடம் விடுவது எங்கள் பரம்பரையில் இல்லை. அந்த நேரத்தில் மலர் வீட்டைத் துடைத்து, சாம்பிராணி போட்டு வைத்திருந்தாள். புகை கும்மென்று இருந்தது. தவுக்கே குளியலறையில் இருந்தான்.

"விடும்மா," என்றார் ராதாகிருஷ்ணன்.

வந்தான். வீட்டுக்காரரின் காலை மரியாதையாக முகர்ந்தான். வாலை ஆட்டினான். அப்புறம் மூக்கைத் தரையோடு ஒட்டிக்கொண்டு, கடன்காரனைத் தேடிப் போகிறவன் மாதிரி, நேராக டிவி மூலைக்குப் போய்க் காலைத் தூக்கினான். "வெளிய!" என்று மலர் சொல்லி முடிப்பதற்குள் செருப்பு அலமாரி மூலை. கயிற்றை நான் எட்டிப் பிடிப்பதற்குள் படுக்கையறை வாசல். மொத்தமாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"ஒண்ணு," என்றார் ராதாகிருஷ்ணன். ஒரு விரலை மடக்கிக்கொண்டு படியிறங்கினார்.

அடுத்த ஆறு நாளும் ஒரு சொட்டு இல்லை. நான் கையில் டார்ச்சோடு மூலை மூலையாகக் குனிந்து பார்த்தேன். சுத்தம்.

இரண்டாவது சனிக்கிழமை நான் துணிந்து ஏற்பாடு செய்தேன். காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் நான்கு தடவை கீழே கொண்டுபோய், பிழிந்த துணி மாதிரி ஆக்கிவிட்டேன். போதாததற்கு மஞ்சள் பட்டையும் கட்டிவிட்டேன். ஒன்பதரைக்குக் காப்பிக் கடைக்குப் போய் நான் கூட்டிவந்த ராதாகிருஷ்ணன் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"நாய்க்கு எதுக்கு மிஸ்டர் கமலநாதன் கோமணம்?"

"பேஷன் சார்."

"அவிழுங்க. மூடி வச்ச சரக்கை நீங்க வாங்குவீங்களா?"

வாங்கமாட்டேன். அவிழ்த்தேன். அதே டிவி மூலை, அதே அலமாரி, அதே வாசல். உள்ளே ஒன்றும் மிச்சம் இருக்காது என்று நான் சத்தியம் செய்திருப்பேன். ஆண் நாய் எப்போதும் கொஞ்சம் கையிருப்பு வைத்துக்கொள்ளும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

"சார், உங்க வீட்டுல ஏதாவது நாய், பூனை…" என்று இழுத்தேன். அவர் உடம்பு வாடைதான் இவனைக் கிளப்பிவிடுகிறதோ என்று சந்தேகம்.

"என் வீட்டுல பல்லியே கிடையாது," என்றார். "ரெண்டு."

அன்று மத்தியானம் பக்கிரிசாமி கூப்பிட்டான். "மச்சான், சங்கிலி ரெடி. அடுத்த சனிக்கிழமை லோரி பிரிக்பீல்ட்ஸ் பக்கம்தான் வருது. மூணாவதும் போச்சுன்னா அப்படியே ஏத்திக்கிறேன்."

"அவனுக்கு இதயப் புழு லா. அந்தப் பெரிய நாய்ங்க நடுவுல எத்தனை நாள் இருப்பான்?"

"எனக்குத்தான் பிபி, சக்கரை எல்லாம் இருக்கு. நான் லோரி ஓட்டல? ஜாகா, காவல் வேலைதானே. நின்னு குரைச்சா போதும்."

மலர் பக்கத்தில்தான் நின்றாள். அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனாள். அந்த வாரம் முழுக்க அவள் தவுக்கேயைக் கீழே கொண்டுபோகும் தூரம் குறைந்துகொண்டே வந்தது. செவ்வாயன்று வேப்ப மரம் வரை. வியாழனன்று பூக்கடை வரை. வெள்ளியன்று கடைசிப் படியில் நின்று கயிற்றை மட்டும் நீட்டிவிட்டாள். வெளியே போகாமல் இருக்க இப்போதே பழகிக்கொண்டிருந்தாள்.

நான் யோசித்தேன். சேலை வாங்க வருகிறவர்கள் வாயால் பச்சை கேட்பார்கள், விரல் சிவப்பில் நிற்கும். வாயைக் கேட்காதே, விரலைப் பார் என்பார் அப்பா. தவுக்கேயின் விரல் அவன் மூக்கு. ஆறு நாள் அந்த மூலைகளைத் திரும்பியும் பார்க்காத மூக்கு, ஏழாம் நாள் காலையில் மட்டும் அங்கே எதைப் படிக்கிறது? என் மூக்கைக் கேட்டுப் பயனில்லை. முப்பது வருடத் துணித் தூசியில் அது எப்போதோ கடையை மூடிவிட்டது.

மூன்றாவது சனிக்கிழமை. ஒன்பதரைக்கு வழக்கம்போலக் கீழே போவதாகச் சொல்லிவிட்டு, படியில் பாதியில் நின்றேன். சட்டைப் பையில் கைபேசி இருந்தது. அதை மறந்து வைத்தவன் மாதிரித் திரும்பி ஏறி, சாவியால் சத்தமில்லாமல் கதவைத் திறந்தேன்.

குளியலறைக்குள் தவுக்கே முனகிக்கொண்டிருந்தான். மலர் டிவி மூலையில் குந்தியிருந்தாள். இடது கையில் கிண்ணம், வலது கையில் மாவிலை. உதடு அசைந்துகொண்டிருந்தது. மாவிலையைத் தோய்த்து மூலையில் தெளித்தாள். எழுந்தாள். செருப்பு அலமாரி மூலையில் தெளித்தாள். படுக்கையறை வாசலுக்குத் திரும்பியபோதுதான் என்னைப் பார்த்தாள்.

மேசையில் ஒரு போத்தல் இருந்தது. நீல மூடி. கோயில் பெயர் ஒட்டியது. கோமியம்.

"ராதாகிருஷ்ணன் குடுத்ததா?"

"ஆமா. நாய் இருந்த வீடு, அவர் வர்றதுக்கு முந்தி தெளிச்சு வைன்னு சொன்னாரு." கிண்ணத்தை முந்தானையால் மறைத்தாள். "உங்ககிட்ட சொன்னா கிண்டல் பண்ணுவீங்க. புதுவீடு புகுந்தப்போ ஐயர் தெளிச்சதுக்கு ஏர் பிரெஷ்னரான்னு கேட்டீங்கல்ல. அவருக்கு முன்னாடியே கேட்டீங்க."

கேட்டேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

"மலர், அது என்ன?"

"கோமியம்."

"அது மாட்டோட என்ன?"

அவள் போத்தலைப் பார்த்தாள். குளியலறைக் கதவைப் பார்த்தாள். கதவுக்குக் கீழே இருந்த இடுக்கில் ஒரு கறுப்பு மூக்கு, காற்றை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. அவள் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது.

"அப்போ நான்தானா?" என்றாள். "ரெண்டு தடவையும் நான்தானா?"

அவன் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே, அவனுக்குக் கட்டளை எழுதிப் போட்டிருக்கிறாள். இன்னொரு மிருகம் வந்து வீட்டு மூலையெல்லாம் போர்டு மாட்டிவிட்டுப் போயிருக்கிறது, நீ என்ன பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று.

"துணி எடு," என்றேன். மணி ஒன்பது நாற்பது. அவள் அவசரத்தில் தரை கழுவும் பழைய போத்தலை எடுத்தாள், அது அமோனியா. பிடுங்கி வைத்தேன். வாணி கொடுத்த மருந்து காலி. வெறும் தண்ணீரை ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தோம். ஒரு மூலைகூட முடியவில்லை. வாசலில் தட்டும் சத்தம். காப்பிக் கடையில் என்னைக் காணாமல் ராதாகிருஷ்ணன் தானாகவே ஏறி வந்துவிட்டார்.

உள்ளே வந்ததும் மூச்சை இழுத்தார். சாம்பிராணி இன்னும் போடவில்லை. வாடை அவருக்கு நேராகப் போயிருக்கும். முகம் மலர்ந்தது.

"தெளிச்சிருக்கீங்க. நல்லது. நாயை விடுங்க, பாத்துட்டுப் போறேன்."

விட்டால் முடிந்தது. சொன்னாலும் முடியலாம். சாமி காரியத்தில் குறை சொல்லி இந்த மனிதரிடம் எதையும் வாங்கியவர் இல்லை. எந்தச் சரக்கிலும் குறையைக் கடைசியில் சொல்வதுதான் என் வழக்கம். அன்று முதலில் சொன்னேன்.

"சார், அவனைக் கிளப்புறது இந்தக் கோமியம்தான். நாங்க தெளிக்காத நாள்ல அவன் வீட்டுக்குள்ள ஒண்ணுக்குப் போறதே இல்ல."

அவர் முகம் சிக்னல் விழுந்த மாதிரி மாறியது. "என்ன சொல்றீங்க? நான் குடுத்த கோமியத்தால உங்க நாய் அசிங்கம் பண்ணுதா?"

"அவனுக்கு அது புனிதம்னு தெரியாது சார். இன்னொரு ஆம்பளை வந்துட்டுப் போன மாதிரி நினைக்கிறான்."

"அது பசு. ஆம்பளை இல்ல."

"அதையும் நான் அவனுக்குச் சொல்லிப் பாக்கலாம்."

தப்பு. வாய் முந்திக்கொண்டது. அவர் திரும்பி வாசலைப் பார்த்தார். அந்தப் பக்கம் மலர் நின்றிருந்தாள்.

"அங்கிள், நான் கிண்டல் பண்ணல," என்றாள். வழியை விடவில்லை. "நீங்க சொன்ன மாதிரியே மூணு வாரமும் தெளிச்சேன். தெளிச்ச இடத்துலதான் போனான். நீங்களே தெளிச்சுப் பாருங்க. பின் ரூம்ல நான் இதுவரைக்கும் தெளிச்சதில்ல. உங்களுக்குப் பிடிச்ச மூலையில தெளிங்க. எங்களுக்குச் சொல்ல வேணாம்."

சிக்னல்காரருக்கு அந்தக் கடைசி வாக்கியம் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். வாசலிலிருந்து திரும்பினார். "ரெண்டு கிண்ணம் குடும்மா," என்றார். "ஒண்ணுல பச்சைத் தண்ணி. நீங்க ரெண்டு பேரும் படிக்கட்டுல நில்லுங்க."

நின்றோம். பின் அறை காலி அறை, நான்கு மூலை. உள்ளே அவர் நடக்கும் சத்தம் கேட்டது. நிற்கும், நகரும், மறுபடி நிற்கும். ஒரு மூலையில் கோமியம், மூன்றில் தண்ணீர். எது எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. மலர் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். திருமணமான புதிதில் பிடித்தது, அதற்குப் பிறகு இப்போதுதான்.

"வாங்க," என்றார்.

மலர் தவுக்கேயைக் கயிற்றில் கொண்டுவந்தாள். கயிற்றைத் தளர விட்டாள். ஜன்னல் பக்கத்து மூலைக்குப் போனான். நின்று முகர்ந்தான். அங்கேயே நின்றான். ராதாகிருஷ்ணன் முகத்தைப் பார்த்தேன். முப்பத்தாறு வருட ரயில்வே முகம், ஒன்றும் தெரியவில்லை. தவுக்கே தும்மிவிட்டு நகர்ந்தான். இரண்டாவது மூலை, நிற்கவே இல்லை. மூன்றாவது மூலையில் மூக்கு தரையில் ஒட்டியது. வால் விறைத்தது. மேலுதடு லேசாகத் துடித்தது. மறுபடி முகர்ந்தான், ஒரு சுற்றுச் சுற்றினான், காலைத் தூக்கினான்.

நான்காவது மூலையைப் போய்ப் பார்த்துவிட்டு, வேலை முடிந்தவன் மாதிரி மலரிடம் வந்து கோழித்துண்டுக்கு நின்றான்.

அது தண்ணீர் மூலையாக இருந்தால் என் கதை அங்கேயே முடிந்தது. ராதாகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிதானமாக, இரண்டு பக்கமும்.

"கோமியம்தான்," என்றார்.

மூச்சு விட்டேன். சீக்கிரம் விட்டுவிட்டேன்.

"ஆனா மிஸ்டர் கமலநாதன், இன்னைக்கு மூணாவது சனிக்கிழமை. வீட்டுக்குள்ள சொட்டு விழுந்தாச்சு. ஏன் விழுந்ததுன்னு நம்ம பேசல. பேச்சுன்னா பேச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க."

நான் பேசி முடித்த பேரம், நான் ஒத்துக்கொண்ட வார்த்தை. அப்பா இருந்திருந்தால் அவர் பக்கம்தான் நின்றிருப்பார்.

மலர் வாதாடவில்லை. ஆணியில் தொங்கிய கைப்பையை எடுத்தாள். "அவன் பாதிதான் போயிருக்கான். மீதியைக் கீழ முடிச்சுட்டு வரேன்," என்று சொல்லிவிட்டுத் தவுக்கேயோடு படியிறங்கிப் போனாள்.

நான் ஆரம்பித்தேன். "சார், கடையில சேலையை விரிச்சுக் காட்டுறோம். வாங்க வந்தவங்களே அதுமேல காப்பியைக் கொட்டிட்டு, கறை இருக்கு, வேணாம்னா? அந்த மூலையில தெளிச்சது நீங்க."

"சோதனைக்குத் தெளிச்சேன்."

"சோதனையில விழுந்தது கணக்குல வருமா சார்? சிக்னலைச் சோதிக்கும்போது சிவப்பு எரிஞ்சா, ரயில் லேட்டுன்னு எழுதுவீங்களா?"

அவர் வாயோரம் லேசாக இழுபட்டது. உடனே சரியாகிவிட்டது. "சரி, இன்னைக்கு விடுவோம். ஆனா மாசம் ஒரு தடவை இந்த வீட்டுல தெளிக்கணும். அது எங்க வழக்கம். வாடகைக்கு விட்டாலும் வீடு என் வீடு. தெளிச்சா உங்க நாய் போவான். அப்புறம் என்ன செய்வீங்க?"

"தெளிக்கலாம் சார். ஆறு மாச மருந்து முடிஞ்சதும் ஆபரேஷன் பண்ணிடுவோம், அதுவரைக்கும் அவன் மூக்கு எட்டாத உயரத்துல தெளிக்கலாம்."

"கோமியத்துக்கு உயரமா?"

நான் பாக்கெட்டிலிருந்து அளவு நாடாவை எடுத்தேன். ஜவுளிக்காரன் கைக்குட்டை இல்லாமல் வெளியே வருவான், நாடா இல்லாமல் வரமாட்டான். சுவரில் பிடித்துக் காட்டினேன். "நாலு காலுல நின்னா ரெண்டடி. பின்னங்காலுல எழுந்து நின்னா நாலடி. அதுக்கு மேல வீடு முழுக்க உங்களோடது. சாமி சுவர்ல பட்டாலும் சாமிதானே?"

அவர் ஜன்னலுக்குப் போனார். நானும் போய் நின்றேன்.

கீழே மலர் பூக்கடையைத் தாண்டிவிட்டாள். வேப்ப மரத்தையும் தாண்டிவிட்டாள். கார்களும் மோட்டார் சைக்கிள்களும் உரசிக்கொண்டு போகும் ஓரமாக நடந்தாள். கைப்பை அவள் வலது தோளில் தொங்கியது. சாலைப் பக்கத்துத் தோள். பின்னாலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. என் கை ஜன்னல் கம்பியை இறுக்கியது. தவுக்கே தலையைத் திருப்பிப் பார்த்தான். மலர் திரும்பவில்லை. மோட்டார் சைக்கிள் கடந்து போனது. அவள் அதே நடையில் போய் மூலையில் திரும்பி மறைந்தாள்.

அவளுடைய பயத்தை நான் அந்தப் பேரத்தில் ஒருமுறைகூட எடுத்து வைக்கவில்லை. எல்லாவற்றையும் விற்கிறவன்தான், அதை மட்டும் மேசைமேல் வைக்க மனம் வரவில்லை.

"பூக்காரம்மா சொன்னாங்க," என்றார் ராதாகிருஷ்ணன், ஜன்னலைப் பார்த்தபடியே. "கூடையை இறக்குறதில்லையாம் இப்போ. நேரா வந்து வாங்குறாங்களாம்."

"ஆமா சார்."

ஜன்னலிலிருந்து திரும்பினார். பிறகு என் கையிலிருந்த நாடாவை வாங்கி, சுவரில் தானே வைத்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து ஒரு சிறு கோடு போட்டார்.

"அஞ்சடி," என்றார். "அதுக்குக் கீழ ஒரு சொட்டு படாது. அதுக்கு மேல படாம இருக்கவும் கூடாது. மாசாமாசம் நானே வந்து தெளிப்பேன். ஆறு மாசம் கழிச்சு அந்த ஆபரேஷனும் நடக்கணும். சரியா?"

நான் அந்தக் கல்லாவுக்குப் பின்னால் வளர்ந்தவன். அவர் ஐந்து என்றதும், நாலரை என்று என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. படியில் நான்கு கால்களும் இரண்டு கால்களும் ஏறிவரும் சத்தம் கேட்டது.

"சரி சார்," என்றேன்.